ஒரு நாள் பிரேக்

ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? வயிற்றுவலி மறுபடி வந்ததா? வெளியில் கண்டதைச் சாப்பிடாதே. இதை அம்மா சொல்லச் சொல்லவில்லை. நான் உனக்கு எழுதுவது அம்மாவுக்கே தெரியாது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் பேச்சை எடுத்தால் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலைத் தையல்காரம்மா கடைக்கு அனுப்பு. அவர் மகளும் நானும் ஒரே வகுப்பு. வாங்கி வைப்பாள், எதுவும் கேட்கமாட்டாள்.

விஷயம் நம் பள்ளி வேன். நீயும் திருகாணி மாமாவும் சேர்ந்து பழைய பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, நசுங்கிப்போன சரக்கு வண்டியிலிருந்து எடுத்த டீசல் இன்ஜினை மாட்டினீர்களே, அதிலிருந்து அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சிங்கம் உறுமுது பாரு" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். ஓடுவது சிங்கம்தான். பிரேக்தான் பழைய ஆமை.

பள்ளியிலிருந்து இறங்கும் தண்ணீர்த்தொட்டி இறக்கத்தில் பிரேக் கருகும் நாற்றம் வருகிறது. ரப்பரும் முடியும் சேர்ந்து எரிந்த மாதிரி. என் தலைமுடியில், பாவாடையில், டிபன் டப்பாவில் எல்லாம் அந்த நாற்றம். நேற்று கீழே சிக்னலில் சிவப்பு விழுந்தது. அப்பா பெடலின் மேல் ஏறி நின்றே விட்டார். அப்படியும் வண்டி கோட்டைத் தாண்டி, குறுக்கே வந்த பஸ்ஸுக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது. பிள்ளைகள் அலறினார்கள். அப்பா திரும்பி, "எப்படி இருந்துச்சு ராட்டினம்?" என்றார். அவ்வளவுதான், பதின்மூன்று பிள்ளைகளும் "இன்னொரு தடவை அங்கிள்" என்று கைதட்டினார்கள்.

கதவைத் திறந்து மூடுவது நான். சின்னவர்களைப் பிடித்துக்கொள்வது நான். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. வண்டிக்கு என்ன கோளாறு என்று எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

ஜூன் 27

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் வயிற்றுவலி ஓடிப்போய்விட்டது. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே முதலாளி நல்லவர், பட்டறைக்கு மேலேயே அறை கொடுத்திருக்கிறார், மழை பெய்தால் மட்டும் உள்ளேயே குளிக்கலாம். நீ இளைத்துவிடாதே. வாளியில் உட்கார்ந்து முதுகு வளைந்துவிடப் போகிறது.

கேள். பிரேக்கை மிதிப்பது கால் மட்டுமில்லை. பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல்தான் பெடலுக்குக் கைகொடுக்கும். டீசல் இன்ஜின் அப்படி உறிஞ்சாது. அதற்கென்று பக்கத்தில் தனியாக ஒரு பம்ப் மாட்ட வேண்டும். நம் வண்டியில் அது இல்லை. அதுவும் போக, இன்ஜின் கனமானது, வேகம் கூடியது. பழைய டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது. முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடுவது நல்லது.

சந்தேகமிருந்தால் நீயே பார்க்கலாம். வண்டி அணைந்திருக்கும்போது பெடலை நாலைந்து தடவை மிதி. காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் உதவி இருக்கிறது. இறங்காவிட்டால் இல்லை.

அப்பாவிடம் நேரம் பார்த்துப் பக்குவமாகச் சொல். பயப்படாதே, நன்றாகப் படி.

அண்ணன்

ஜூலை 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு மூன்று நாளாக ஜலதோஷம். அதிலும் ஒரு நன்மை, நாற்றம் தெரியவில்லை.

காலையில் வண்டியைச் சூடாக்க அப்பா சாவியை என்னிடம் தருவார் அல்லவா, அப்போது நீ சொன்ன மாதிரி செய்தேன். பெடல் இம்மியும் இறங்கவில்லை. சுவரை மிதித்த மாதிரி இருந்தது. இன்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு ரப்பர் குழாயின் வாயில் பழைய போல்ட்டைச் செருகிக் கம்பி சுற்றி வைத்திருக்கிறார்கள்.

அப்பாவிடம் பக்குவமாகத்தான் சொன்னேன்.

"அப்பா, டீசல் வண்டிக்குப் பிரேக்குக்குன்னு தனியா ஒரு பம்ப் இருக்குமாமே."

"யார் சொன்னது?"

"அறிவியல் பாடத்துல வந்துச்சு."

"உங்க டீச்சரை வந்து ஓட்டச் சொல்லு. இருபது வருஷமா ஓட்டுறேன், ஒரு கோழியை இடிச்சிருப்பேனா?"

அருகில் பல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த திருகாணி மாமா சிரித்தார். குத்திய குச்சியைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். அப்பா எண்ணெய் பார்க்கும் கம்பியைத் துடைத்த துணியாலேயே, காலையில் சின்னது ஒன்று வாந்தி எடுத்த சீட்டையும் துடைத்தார். பிறகு அதே துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். அம்மா உள்ளே இழுத்துப் போய், "பொம்பளைப் பிள்ளைக்கு இன்ஜின் பேச்சு எதுக்கு?" என்றாள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இன்ஜினை மாட்டியது நீதான். பம்ப் வேண்டும் என்று உனக்கு அன்றைக்கே தெரியுமா? அதற்காகத்தான் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனாயா? நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை

ஜூலை 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? பதில் வராததால் கேட்கிறேன். தையல்காரம்மா மகள் தினமும் தலையை ஆட்டி இல்லை என்கிறாள்.

இப்போது இறக்கத்தில் அப்பா கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் கூட இழுக்கிறார். பிள்ளைகள் அவர் இழுக்கும்போது "ஏலேலோ" பாடுகிறார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிக்னல் பச்சையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தினமும் சாயங்காலம், ஒரு நாள் விடாமல்.

நான் கேட்டதற்குப் பதில் எழுது.

உன் தங்கை

ஆகஸ்ட் 16

அன்புள்ள சுண்டெலிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. வேலை தலைக்கு மேல். நடுவில் காய்ச்சல் வேறு. இப்போது தேவலாம். உன் ஜலதோஷம் போயிற்றா?

ஒரு நல்ல செய்தி. நீ இனி கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட வேண்டாம். இந்த வாரக் கடைசியில் வண்டிக்கு டிஸ்க், பம்ப் எல்லாம் வந்துவிடும். ஏற்பாடு ஆகிவிட்டது. எப்படி என்று கேட்காதே, பெரியவர்கள் சமாச்சாரம்.

பரீட்சைக்குப் படிக்கிறாயா, இல்லை வண்டி மூடியையே தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

அண்ணன்

ஆகஸ்ட் 24

என் அன்பு அண்ணாவுக்கு,

காய்ச்சல் முழுவதும் போய்விட்டதா? கஷாயமாவது குடித்தாயா? நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

சொன்ன மாதிரியே வந்துவிட்டது. சனிக்கிழமை ஒரு சாக்கு மூட்டையைத் திருகாணி மாமா பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுவந்தார். முன்சக்கரங்களைக் கழற்றி, கண்ணாடி மாதிரி மின்னும் இரண்டு டிஸ்க், இன்ஜின் பக்கத்தில் பம்ப் என்று இருட்டுவதற்குள் மாட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். இறக்கத்தின் நடுவில் மிதித்தார். யாரோ நெஞ்சில் கைவைத்து நிறுத்தின மாதிரி நின்றது. நாற்றமே இல்லை. நான் அழுதுவிட்டேன். "லூசு" என்று அப்பா தலையில் குட்டினார். வலிக்கவில்லை.

இன்று காலையில் வருடச் சோதனைக்குப் போனார். அதிகாரி மிதித்துப் பார்த்து, "புது வண்டி மாதிரி பிடிக்குதே" என்றாராம். முன்கண்ணாடியில் பச்சைச் சீட்டு ஒட்டியாயிற்று.

உனக்கும் அப்பாவுக்கும் பேச்சு வார்த்தை வந்துவிட்டதா? என்னிடம் மட்டும் சொல். யாரிடமும் சொல்லமாட்டேன்.

உன் தங்கை

ஆகஸ்ட் 27

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்கிறேன். இங்கே நான் மூன்று வேளையாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் இல்லை.

நேற்று முன்தினம் பள்ளி முடிந்து பிள்ளைகளை இறக்கிவிட்டதும் வண்டியை நேராகத் திருகாணி மாமாவின் பட்டறைக்கு விட்டார்கள். நான் தேநீர் எடுத்துக்கொண்டு போனபோது முன்சக்கரங்கள் தரையில் கிடந்தன. திருகாணி மாமா டிஸ்க்குகளைத் துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் மாமா கழட்டுறீங்க? ரிப்பேரா?"

"ரிப்பேரா? இது அடுத்த வண்டிக்குப் போகணும்மா. வியாழக்கிழமை அவனுக்குச் சோதனை. இந்த செட்டு ஊர் ஊரா சுத்துது. ஒரு நாள் மாப்பிள்ளை." அவரே சொல்லி அவரே சிரித்தார். "எல்லாம் உங்க அண்ணன் மூளை. அங்க முதலாளிக்கு அவன்தான் வலதுகை."

நான் தேநீரைக் கீழே வைத்தேன். பம்ப்பைத் தூக்கிக் காட்டினார்.

"இது யாருதுன்னு தெரியுமா? உங்க இன்ஜினோட வந்ததுதான். மாட்டுற அன்னிக்கே உங்க அண்ணன் கழட்டி எடுத்துட்டுப் போய் அங்க முதலாளிகிட்டக் குடுத்துத்தான் வேலையே வாங்கினான். அதுக்குத்தானே உங்க அப்பன் அவனை வெளியே போடான்னாரு."

அப்பா சக்கரத்தின் மேல் உட்கார்ந்து, கையில் கிரீஸோடு பன் தின்றுகொண்டிருந்தார். விரல் பட்ட இடமெல்லாம் பன் கறுப்பாக இருந்தது. அதையும் தின்றார்.

"அப்பா, பம்ப் நம்மளுதுன்னா வெச்சுக்கலாமே."

"அவன் திருடிட்டுப் போனதை அவன்கிட்டக் கெஞ்சி வாங்கணுமா?"

"வேற ஒண்ணு வாங்கலாமே."

"அவன் எடுத்ததுக்கு நான் எதுக்குப் புதுசு வாங்கணும்? போய்ப் படி."

பிறகு குழாயின் வாயில் அதே போல்ட்டைச் செருகிக் கம்பியைச் சுற்றினார்.

நீ அந்தப் பிள்ளைகளுக்காகச் சண்டை போட்டாய் என்று பத்து மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். தையல்காரம்மா மகளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். நீயும் அப்பாவும் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டீர்கள். ஏமாற்றுவதற்கு மட்டும் சேர்ந்துகொள்வீர்கள். உன் கடிதங்களைத் திரும்பப் படித்தேன். "நம் வண்டியில் அது இல்லை" என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறாய். காகிதத்தைத் தொட்ட கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

பம்ப்பைத் திருப்பி அனுப்பு.

தங்கை

செப்டம்பர் 20

அன்புள்ள தங்கைக்கு,

நீ சாப்பிடுகிறாயா? முதலில் அதை எழுது. எனக்குத் தூக்கம் சரியில்லை, மற்றபடி குறையில்லை.

மாமா வாயில் எதுவும் தங்காது. அவர் சொன்னதில் பாதிதான் சரி. நான் திருடவில்லை. அந்த இன்ஜினை இரண்டு வாரம் இறக்கி ஏற்றியது நான். அப்பா எனக்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னாரா? எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. எடுத்தேன். உடனே வேறு வாங்கி மாட்டிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு வீம்பாக இருப்பார் என்று யார் கண்டது?

செட் விஷயம் உனக்குப் புரியாது. எல்லாப் பட்டறையிலும் நடக்கிறதுதான். நான் இல்லாவிட்டால் இன்னொருவன் செய்வான். அந்தப் பம்ப் இப்போது என்னுடையதில்லை, முதலாளியுடையது. கேட்டால் வேலை போய்விடும். வருடக் கடைசியில் பார்க்கலாம். அதுவரை நீ பின்சீட்டில் உட்கார்ந்துகொள். பின்னால் அடி குறைவாகப் படும்.

கோபம் வேண்டாம்.

அண்ணன்

அக்டோபர் 6

அண்ணாவுக்கு,

உன் உடம்பு எப்படியிருக்கிறது? என் இடது தோள் வீங்கியிருக்கிறது. எழுத வலது கை இருக்கிறது.

நீ பின்சீட்டில் உட்காரச் சொன்னாய். என் இடத்தில் யார் உட்காருவது என்று எழுதவில்லை.

முயல் என்று ஒரு பையனைப் பற்றிச் சொன்னதில்லை. எட்டு வயது. முன்னால் இரண்டு பல் பெரிதாக முளைத்திருக்கும், அதனால் முயல். அவன் அம்மா பேக்கரியில் வேலை செய்கிறாள். மாலையில் கடைசியாக இறங்குவது அவன்தான். நேற்று வண்டியில் அப்பா, நான், அவன் மட்டும். மற்றவர்கள் விளையாட்டுப் போட்டிக்காகப் பள்ளியிலேயே தங்கிவிட்டார்கள்.

இறக்கத்தில் ஒருவர் தள்ளுவண்டியோடு குறுக்கே வந்தார். அப்பா இரண்டு காலாலும் மிதித்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். நிற்கவில்லை. கடைசியில் வளைத்து விளக்குக் கம்பத்தில் மோதினார். தள்ளுவண்டிக்காரர் தப்பித்தார். நான் முயலைப் பிடித்தேன், பாதிதான் பிடிக்க முடிந்தது. அவன் வாய் முன்சீட்டுக் கம்பியில் போய் இடித்தது.

இரண்டு பல்லும் போய்விட்டன. ஒன்று என் மடியில் விழுந்தது.

அப்பா முதலில் இறங்கி விளக்கைப் பார்த்தார். வண்டியின் விளக்கை. பிறகு வந்து, தோளில் கிடந்த அந்தத் துணியால் அவன் வாயைத் துடைத்தார். அந்தத் துணியேதான். "ஆம்பளைப் பையன் அழலாமா? விளையாடும்போது விழுந்துட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லுடா செல்லம். ஒரு வாரத்துக்கு ஹாரன் உனக்குத்தான்." முயல் அழுகையை நிறுத்தித் தலையாட்டினான். ஹாரனுக்காக.

பேக்கரி வாசலில் அவன் அம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்பாவைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள். "நீ கூடத்தானே இருந்தே? எப்படிம்மா விழுந்தான்?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஓடும்போது தடுக்கி விழுந்துட்டான் அக்கா" என்றேன். அழகாகச் சொன்னேன். கால் தடுக்கிய இடத்தைக்கூடச் சொன்னேன், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் என்று. அவள் என் கன்னத்தைத் தடவி, கூட்டிக்கொண்டு வந்ததற்கு நன்றி சொல்லி, இரண்டு பன் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். இத்தனை நாளும் உங்களைப் பார்த்துத்தான் அருவருப்பாக இருந்தது. நேற்று கண்ணாடியில் என் வாயைப் பார்க்க முடியவில்லை. நம் குடும்பத்தில் மூன்றாவது ஆளாக நானும் தேறிவிட்டேன்.

தங்கை

அக்டோபர் 19

அன்புத் தங்கைக்கு,

தோள் எப்படியிருக்கிறது? வைத்தியரிடம் காட்டினாயா? எனக்குக் கையே ஓடவில்லை.

அந்தப் பையன் பிழைத்ததே பெரிது. நடந்தது நடந்துவிட்டது. நீ சொன்னது சரிதான், அந்த நேரத்துக்கு வேறு என்ன சொல்ல முடியும்? அதில் தப்பில்லை.

ஒன்றே ஒன்று. யாராவது தோண்டிக் கேட்டால் அப்பாவோடு நிறுத்திக்கொள். செட்டைப் பற்றியும் என்னைப் பற்றியும் வாயைத் திறக்காதே. எட்டு ஊர் வண்டிகளுக்கு அது போயிருக்கிறது. தெரிந்தால் முதலாளி தப்பித்துக்கொள்வார், நான்தான் மாட்டுவேன். உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

நன்றாகச் சாப்பிடு.

அண்ணன்

அக்டோபர் 23

அண்ணாவுக்கு,

நீ சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். தோள் வீக்கம் வடிந்துவிட்டது.

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. நான் அதற்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன். அது முன்னாலேயே வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசை. நிச்சயமாகத் தெரியவில்லை.

பள்ளி விட்டதும் வேனில் ஏறாமல் நடந்தே பேக்கரிக்குப் போனேன். முயலின் அம்மா மாவுக் கையோடு நின்றாள். "முயல் தடுக்கி விழலை அக்கா" என்றேன். அவள் கையைக்கூடத் துடைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கம்பம், போல்ட் செருகின குழாய், ஒரு நாளைக்கு மட்டும் வந்து போகும் பிரேக், யாருடைய பம்ப், யார் எடுத்தது, யார் வாங்க மறுத்தது, யார் பொய் சொன்னது.

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"பயமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான்."

அவள் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. பன்னும் கொடுக்கவில்லை. "நீ இனிமே என் பிள்ளையைத் தொடாதே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலையில் எந்த வாசலிலும் வேனில் யாரும் ஏறவில்லை. ஒன்பது மணிக்குப் பெற்றோர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். சோதனை அலுவலகத்துக்கு மனு எழுதி, நான் சொன்னதையும் சேர்த்து, கீழே என் கையெழுத்தை வாங்கினார்கள். உன் பட்டறை முகவரியும் அதில் இருக்கிறது. திருகாணி மாமா அன்றிலிருந்து ஊரில் இல்லை. அப்பா அவர்களிடம், "சின்னப் பொண்ணு உளறுறா" என்றார். நான், "உளறலை" என்றேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. அப்பா பகல் முழுவதும் வேனுக்குள் கதவை மூடிக்கொண்டு, ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அவனுக்கு எழுதுறியா?"

"ஆமா."

"எவ்வளவு நாளா?"

"ஜூன்ல இருந்து."

வெகுநேரம் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பம்ப்பைக் கேளு" என்றார். இந்த ஒரு வரியை ஒரு வருடம் முன்னால் சொல்லியிருந்தால் முயலுக்குப் பல் இருந்திருக்கும். அதை நினைக்க நினைக்க அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. எறியவில்லை. வாங்கிக் கழுவி வைத்தேன்.

இந்த வண்டியில் இனி எந்தப் பிள்ளையும் ஏறாது. ஆனால் அப்பா இதை ஓட்டாமல் இருக்கமாட்டார். மூட்டை தூக்கியாவது ஓட்டுவார். அந்த இறக்கத்தில் நடந்து போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பம்ப்பை அனுப்பு. டிஸ்க்குகளையும். இந்தத் தடவை திருப்பிக் கேட்காதே.

உன் தங்கை